ஜன்னலோரத்துக் கைவேலை

அறுபது வயதைத் தாண்டிய பிறகு கடை திறந்தவர் சாரா கோஹன். குழந்தை இல்லாத அந்த வீட்டுக்குப் போஸ்ட் கார்டு விற்க வந்த பையனே பிள்ளையாகிப் போனான்.

மட்டாஞ்சேரியில் யூதத் தெரு ஜெபாலயத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வழி கிடையாது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வந்த வழியே திரும்பியாக வேண்டும். கடைக்காரர்களுக்கு இதைவிட வசதியான தெரு அமையாது. போகும்போது கண்ணில் படாத கடை, திரும்பும்போது பட்டே தீரும்.

இந்தத் தெருவில் ஒரு வீட்டு ஜன்னலோரம் பல ஆண்டுகள் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருப்பார். தலையில் பூவேலை செய்த சின்னத் தொப்பி, கையில் பிரார்த்தனைப் புத்தகம் அல்லது துணி. கொச்சிக்கு வந்த எத்தனையோ வெளிநாட்டுக்காரர்களின் புகைப்பட ஆல்பங்களில் அந்த முகம் இருக்கிறது. படத்தின் கீழே பெரும்பாலும் 'கொச்சியின் கடைசி யூதர்களில் ஒருவர்' என்று எழுதியிருக்கும். எழுதியவர்கள் தவறு செய்யவில்லை. ஆனால் சாரா கோஹன் அந்த ஜன்னலுக்குப் பின்னால் கடைசி மனுஷியாக இருக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கவில்லை. அவர் கடை நடத்திக்கொண்டிருந்தார். கையால் பூவேலை செய்த துணிகள் விற்கும் கடை. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி கேட்கும் விலைக்கும் தன் மனதில் உள்ள விலைக்கும் நடுவே ஒரு தொகையில் முடிக்கத் தெரிய வேண்டிய சாதாரண வியாபாரம்.

கடை நடத்துகிறவர், கைவேலைக்காரர், குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறவர் என்ற மூன்றையும் ஒருவரே சுமப்பது எப்படி என்று இன்றைக்குப் பல புத்தகங்கள் சொல்லித் தருகின்றன. காலையில் ஐந்து மணிக்கு எழு, பட்டியல் போடு, முக்கியமானதை முதலில் செய் என்று. சாரா கோஹனுக்கு அவற்றில் ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவரது கதையில் பட்டியலும் இல்லை. மூன்றும் ஒரே மேஜையில் நடந்தன என்பதுதான் விசேஷம்.

1922இல் பிறந்தவர் சாரா. அவர் வளர்ந்த காலத்து மட்டாஞ்சேரி வேறு மாதிரி. 1567இல் கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே நிலம் கொடுக்க, 1568இல் பரதேசி ஜெபாலயம் எழுந்தது. அரண்மனைச் சுவரும் ஜெபாலயச் சுவரும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் எசெக்கியேல் ரஹாபி என்ற வியாபாரி சீனாவிலிருந்து வரவழைத்த, கையால் தீட்டிய நீல ஓடுகள் தரையில் பதிக்கப்பட்டன. மணிக்கூண்டும் அவர் கட்டியதே. அதன் முகங்களில் எண்கள் வெவ்வேறு லிபிகளில் இருக்கும். துறைமுக ஊர் அல்லவா, மணி எத்தனை என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ.

தெருவில் நடந்தால் மிளகும் சுக்கும் மூக்கில் ஏறும். யூதத் தெருவிலேயே மிளகு வர்த்தக சங்கம் 1957இல் தொடங்கி முன்பேர வியாபாரம் நடத்தியது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, அந்தக் கூடத்தில் தரகர்கள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு போடும் கூச்சல் தெருமுனை வரை கேட்கும். உலகச் சந்தையில் மிளகு விலை அங்கே நிர்ணயமானதாகச் சொல்வார்கள். சில கஜ தூரத்தில் ஒரு பெண்மணி ஒரு தொப்பிக்கு இரண்டு நாள் செலவழித்தாலும் அதுவும் வியாபாரம்தான்.

இஸ்ரேல் உருவான பிறகு தெரு காலியாகத் தொடங்கியது. சுமார் 2,400 பேர் இருந்த கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களின் நடுப்பகுதிக்குள் கப்பலும் விமானமும் ஏறிவிட்டார்கள். நெகேவ் பாலைவனத்து நெவாதிம் போன்ற கிராமங்களில் போய் அவர்கள் பூந்தோட்டம் போட்டார்கள். பரதேசி யூதர்கள் கொஞ்சம் தாமதித்து, ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள். 1968 டிசம்பரில் ஜெபாலயத்தின் 400ஆவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியானது. அந்தக் கூட்டம் பிறகு அங்கே கூடவே இல்லை. தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது விதி. அந்தப் பத்தைத் தேற்றவே எர்ணாகுளத்துக்கு ஆள் அனுப்ப வேண்டிய நிலை வந்தது.

சாராவும் கணவர் ஜேக்கப் கோஹனும் போகவில்லை. குழந்தைகள் இல்லை. சொந்தபந்தங்கள் போய்விட்ட தெருவில் இரண்டு பேர் மட்டும் ஒரு பெரிய வீட்டில். வாழ்க்கையின் வேலைகள் முடிந்துவிட்டதாக மற்றவர்கள் நினைக்கத் தொடங்கும் வயது.

அந்த வீட்டுக்குள் ஒரு பையன் நுழைந்தது தற்செயல். 1980களின் தொடக்கம். படிப்பை விட்டுவிட்டு, ஜெபாலயம் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் படப் போஸ்ட் கார்டு விற்றுக்கொண்டிருந்தான் தாஹா இப்ராஹிம். பதின்மூன்று வயது. முஸ்லிம். சரக்கை வைத்திருந்த கிடங்கு ஒரு நாள் திறக்கவில்லை. ஜேக்கப் தன் வீட்டில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். சாராவுக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை என்பதைத் தாஹாவே பின்னாளில் பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எந்தக் குடும்பத் தலைவிக்குத்தான் பிடிக்கும்? தெருவில் திரிகிற பையன், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, கூடத்தைக் கடந்து போகிறான், வருகிறான்.

மனம் மாறியது ஊசியால். சாரா ஒரு தையல் வேலையில் தடுமாறிக்கொண்டிருந்தபோது பையன் கை கொடுத்தான். அவனுடைய அப்பா தையல்காரர். கோலம் வரைந்து துணியில் பதிக்கவும், நூல் கோக்கவும், மூலை மடித்துத் தைக்கவும் அவனுக்கு வீட்டிலேயே பழக்கம். பாசத்தால் நெருங்கினார்கள் என்று கதை சொல்வது எளிது. நடந்தது அதைவிட நம்பத்தகுந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வேலை தெரிந்திருந்தது. ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் பார்த்துச் சரி, தவறு சொல்ல முடிந்தது. பாசம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது.

கடை பிறந்தது அப்படித்தான். தாஹா கொடுத்த தைரியத்தில், 1980களில், வீட்டின் முன் கூடமே கடையானது. வாடகை இல்லை, தனிக் கட்டடம் இல்லை, சம்பளக்காரர் இல்லை. பெயர்ப் பலகையில் சாராவின் கைப் பூவேலை என்று ஆங்கிலத்தில். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அரசாங்க உத்தியோகமாக இருந்தால் ஓய்வுக்கால விருந்து முடிந்து, மாலையும் வாடியிருக்கும்.

என்ன விற்றார்? யூத ஆண்கள் தொழுகையின்போது அணியும் கிப்பா என்ற வட்டத் தொப்பி. சப்பாத் விருந்தில் ரொட்டியை மூடிவைக்கும் ஹல்லா துணி. மேஜை விரிப்பு, கைக்குட்டை வகையறா. கேட்பதற்குச் சின்னச் சமாசாரங்கள். கிப்பா உள்ளங்கையை விரித்தால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் தட்டையான துணியை மண்டையில் உட்காரும் கிண்ணமாக்குவது தட்டையான வேலை அல்ல. துண்டுகளாக வெட்டி, ஓரம் இணைத்து, உள்ளே லைனிங் கொடுத்து, விளிம்புக்குப் பட்டி தைக்க வேண்டும். பூவேலையை எப்போது செய்வது என்பதுதான் சூட்சுமம். இணைப்பதற்கு முன்பே செய்தால் தையல் வரும் இடத்தில் கோலம் வெட்டுப்படும். இணைத்த பிறகு செய்தால் வளைவில் ஊசி சறுக்கும். பூவேலைத் துணியை வட்டச் சட்டத்தில் இழுத்து மாட்டி, சங்கிலித் தையலில் கோடும், நெருக்கித் தைத்து இதழும் நிரப்புவார்கள். நூலை அதிகம் இழுத்தால் துணி சுருங்கும், தளர்த்தினால் துவைத்ததும் தொங்கும். இந்த இழுவை விரலுக்குத்தான் தெரியும், வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கே வரும்.

ஹல்லா துணிக்கு இன்னொரு கணக்கு உண்டு. வனாந்தரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டைப் பங்கு மன்னா கிடைத்ததன் நினைவாக, சப்பாத் மேஜையில் இரண்டு ரொட்டிகள் வைப்பார்கள். முதலில் திராட்சை ரசத்துக்கு ஆசி, பிறகே ரொட்டிக்கு. அதுவரை ரொட்டியின் மனம் புண்படாதிருக்க அதைத் துணியால் மூடிவைப்பதாக ஒரு விளக்கம். ரொட்டிக்கே இவ்வளவு மரியாதை கொடுக்கிற சடங்கில், அந்தத் துணியின் ஓரம் கோணலாக இருந்தால் யார் வாங்குவார்கள்?

துணியும் வழிபாடும் கொச்சி யூதப் பெண்களுக்குப் புதிய சேர்க்கை அல்ல. விசேஷங்களுக்கு உடுத்திய ஜரிகைத் துணி, உடுத்தியவள் காலத்துக்குப் பிறகு ஜெபாலயத்தின் திரைச்சீலையாவது அவர்களிடையே வழக்கம். அதாவது ஒரு பெண்ணின் கல்யாணப் பகட்டு, தோரா வைத்திருக்கும் பேழைக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும். சாராவின் கூடத்தில் விற்பனைக்குத் தொங்கிய துணிகள் அந்த வரிசையில் வந்தவை. வாங்கிப் போனவர்கள் நியூயார்க்கிலும் ஹைஃபாவிலும் விரித்தார்கள்.

வீடே கடை என்பதில் சௌகரியம் எவ்வளவோ, தொல்லையும் அவ்வளவு. வீட்டில் தையல் தைத்து விற்கும் எந்தப் பெண்ணும் இதைச் சொல்வாள். வாசலில் ஆள் வந்தால் எழுந்து போக வேண்டும், அடுப்பில் எது இருந்தாலும். மட்டாஞ்சேரியில் வீட்டுத் தொழில் செய்யும் பெண்கள் புதிதல்ல. இருபதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் நெருக்கியடித்து வாழும் இடம் அது. கொங்கணி வீடுகளில் அப்பளம் உருட்டினார்கள். பக்கத்தில் கோட்டைக் கொச்சியின் வெளி மைதானத்து ஓரம் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் இன்னமும் கையால் வெளுக்கும் தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இந்த வீடுகளில் எல்லாம் தொழிலும் குழந்தை வளர்ப்பும் ஒரே திண்ணையில்தான் நடந்தன. அதற்குச் சமநிலை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்திருந்தால் கூலி கேட்டிருப்பார்களோ என்னவோ.

சாராவின் வாரத்துக்கு ஓர் அமைப்பு இருந்தது. அதை அவர் கண்டுபிடிக்கவில்லை, பிறந்தபோதே கிடைத்தது. வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை வானில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை வேலை கூடாது. எது வேலை என்பதில் சந்தேகம் வரக்கூடாது என்று பழைய ரபிகள் மிஷ்னாவில் ஒரு பட்டியலே போட்டு வைத்தார்கள். மொத்தம் 39. 'நாற்பதில் ஒன்று குறைவு' என்பது மூலத்தின் நடை. உழுவது, விதைப்பது, அறுப்பது, மாவு பிசைவது, சுடுவது என்று போகிற அந்தப் பட்டியலில் துணிக்காரர்களுக்குப் பெரிய பங்கு. ரோமம் கத்தரிப்பது, வெளுப்பது, சாயமேற்றுவது, நூற்பது, நெய்வது, முடிச்சுப் போடுவது, அவிழ்ப்பது எல்லாம் தடை. தையல் இரண்டு இழைக்கு மேல் கூடாது என்று எண்ணிக்கையோடு இல்லை. இரண்டு இழை தைப்பதே கூடாது. இரண்டு இழை தைப்பதற்காகக் கிழிப்பதும் கூடாது.

கிழிப்பதற்கும் தடை போட்டவர் நிச்சயம் தையல்காரர்களோடு பழகியிருப்பார். பிரிப்பதும் வேலைதான் என்று கைவேலைக்காரருக்குத்தான் தெரியும். கோணலாக வந்த இதழைப் பிரித்தெடுக்கப் பிடிக்கும் நேரம், தைத்த நேரத்தைவிட அதிகம்.

சனிக்கிழமைகளில் யூதத் தெருவின் ஜெபாலயம் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருக்கும். சுற்றுலாத் தலத்தில் வாரத்தின் நல்ல நாள் ஒன்றை விட்டுக்கொடுப்பது வியாபாரப் பள்ளிகளில் கற்பிக்கிற பாடம் அல்ல. ஆனால் கணக்கை வேறு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம். தலைக்கு மேல் ஆர்டர் இருந்தாலும் வெள்ளிக்கிழமை அந்தியில் ஊசியைக் கீழே வைத்தாக வேண்டும் என்றால், வியாழக்கிழமையே வேண்டாத ஆர்டருக்கு இல்லை என்று சொல்லப் பழகிவிடும். முடியாததை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது, ஒப்புக்கொண்டதை முடிப்பதில் பாதி. தொண்ணூறு வயதை நெருங்கியும் ஒருவர் கைவேலையோடு இருந்தார் என்றால், அதில் இந்த மூடிய நாட்களுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. வாரத்தில் ஏழு நாளும் திறந்திருக்கும் கடைகளின் பெண்கள் எத்தனை பேருக்கு அந்த வயதில் கண்ணும் கையும் சொன்னபடி கேட்கிறது?

கைவேலை தாயிடமிருந்து மகளுக்குப் போகும் என்பது உலக வழக்கு. தமிழ்நாட்டிலேயே ஒரு நேர்த்தியான உதாரணம் இருக்கிறது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, 1821இல் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அன்றைய தென் திருவிதாங்கூரில் அடிமைத்தனம் சட்டபூர்வமாக இருந்தது. லேஸ் கூலியில் காசு சேர்த்து விடுதலை வாங்கிக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறு சொல்கிறது. மார்த்தாவின் மகள் எலிசா. 1844இல் அவரைக் கைப்பிடித்தவர் கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு எலிசா தன்னோடு கொண்டுபோனவற்றில் அம்மாவின் லேஸ் வேலையும் ஒன்று. ஏழு குழந்தைகள் பெற்ற வீட்டில், கணவர் இலக்கணத்தில் மூழ்கியிருக்க, அவர் ஊர்ப் பெண்களுக்குப் பின்னல் கற்பித்தார். ஒப்பிலக்கணத்துக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்குகூட லேசுக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாராவுக்கு எலிசா இல்லை. மகள் இருந்திருந்தாலும் மட்டாஞ்சேரியில் இருந்திருப்பாள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவர் தலைமுறையின் பிள்ளைகள் தெருவை விட்டுப் போனவர்கள். கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாட்டுகள் நோட்டுப் புத்தகங்களில் எழுதப்பட்டு, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போய், கடைசியில் இஸ்ரேலில் ஆராய்ச்சியாளர்களின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தன. பாட்டை நோட்டில் எழுதிக் கப்பலேற்றலாம். நூலின் இழுவையை எதில் எழுதுவது?

அது தாஹாவின் விரலில் இருந்தது.

ஜேக்கப் 1990களின் இறுதியில் காலமானார். சாகும் முன்பு தாஹாவைக் கூப்பிட்டு, தன் மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டார். சாரா ஆன்ட்டி சம்மதித்தால் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் சொன்னதாகத் தாஹா நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த 'சம்மதித்தால்' கவனிக்க வேண்டிய வார்த்தை. அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். இவர் பிற மதத்தைச் சேர்ந்த இளைஞர். வீட்டுப் பொறுப்பை ஆண்கள் இரண்டு பேர் பேசி முடிவு செய்துவிடக் கூடாது என்ற இங்கிதம் அதில் இருக்கிறது. சாகிறவரின் கடைசி விருப்பத்தை மதிப்பது தன் மார்க்கத்தில் கடமை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். சாரா சம்மதித்தார்.

அதற்குப் பிறகு நடந்த இருபது ஆண்டுகள்தான் உண்மையில் இந்தக் கதையின் கனமான பகுதி. தாஹாவுக்குத் திருமணமாகித் தனிக் குடும்பம் உண்டானது. ஒரு பக்கம் கடை. வாடிக்கையாளர், கணக்கு, சரக்கு. இன்னொரு பக்கம் தன் வீடு. மூன்றாவதாக, நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டிருந்த, பெற்றெடுக்காத தாய். கடை, கலை, பிள்ளை என்று மூன்றையும் சேர்த்துச் சுமப்பது பற்றிப் பேசும்போது நமக்கு இளம் தாய் ஒருத்தியின் படம்தான் மனதில் வரும். மடியில் குழந்தை, கையில் வேலை. மட்டாஞ்சேரியில் அந்தப் படம் தலைகீழாக இருந்தது. பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர் முதலாளியம்மா. பார்த்துக்கொண்டவர், ஒரு காலத்தில் அவர் கூடத்தின் மூலையில் போஸ்ட் கார்டு கட்டை வைத்துவிட்டுப் போன பையன்.

வயதானவரைப் பார்த்துக்கொள்வது குழந்தையைப் பார்த்துக்கொள்வது போலத்தான் என்று சொல்வார்கள். பாதிதான் சரி. குழந்தைக்கு நேற்றைக்குத் தெரியாதது இன்றைக்குத் தெரிகிறது. வயோதிகத்தில் கணக்கு மறுபக்கம் ஓடுகிறது. கைவேலைக்காரரிடம் அதை அன்றாடம் பார்க்கலாம். கோடு முன்போல நேராக வராது, ஊசியில் நூல் கோக்க ஆள் தேவைப்படும், பிறகு சட்டத்தைப் பிடிக்கவே கை நடுங்கும். அவற்றை எல்லாம் அருகிலிருந்து பார்த்துக்கொண்டே, கடையை மூடாமல், அவர் பெயரிலேயே நடத்துவதற்கு ஒரு பொறுமை வேண்டும். கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. பலகை மாறவில்லை.

தாஹாவோடு இன்னொரு இளைஞரும் அந்த வீட்டுக்கு வந்து போனார். தௌஃபீக் சக்கரியா. கொச்சிக்காரர், முஸ்லிம், தொழிலால் சமையல் கலைஞர். தானாகவே ஹீப்ரு எழுத்துக் கலையைக் கற்றுத் தேர்ந்தவர். ஒரு யூத மூதாட்டி, அவர் தையலை விற்கும் ஒரு முஸ்லிம், அவர் பிரார்த்தனையின் எழுத்தை வரையும் இன்னொரு முஸ்லிம். இவர்கள் மூவரைப் பற்றி சரத் கொட்டிக்கல் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'சாரா தாஹா தௌஃபீக்'. மேற்கு ஆசியாவில் இருந்து ஒவ்வொரு முறை குண்டுச் செய்தி வரும்போதும் பத்திரிகைகள் இந்த வீட்டைத் தேடி வந்தன, நல்லிணக்கத்துக்கு உதாரணமாக. உதாரணமாக இருப்பதும் அலுப்பான வேலை. தினசரி கதவைத் திறந்து, தூசி தட்டி, மருந்து வாங்கி, மின்கட்டணம் கட்டி வருகிறவருக்கு நல்லிணக்கம் என்ற வார்த்தை நாளில் ஒரு முறையாவது நினைவுக்கு வருமா என்பது சந்தேகம்.

பத்திரிகைகள் மேல் வேறொரு குறையும் சொல்லலாம். தெருவில் எத்தனை யூதர்கள் மீதி என்று எண்ணுவதில் காட்டிய அக்கறையை அவர்கள் துணிகளில் காட்டவில்லை. ஏழு, ஐந்து, மூன்று என்று ஆண்டுதோறும் எண்ணிக்கை வந்தது. ஜன்னலோரப் பெண்மணி என்ன தையலில் இதழ் நிரப்பினார், கோலத்தை எங்கிருந்து எடுத்தார் என்று விரிவாகக் கேட்டு எழுதியவர்கள் அபூர்வம். புகைப்படம் எடுத்துவிட்டுக் கைக்குட்டைகூட வாங்காமல் போனவர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள். சாகப் போகிற இனத்தின் சாட்சியாகப் பார்க்கப்படுவதற்கும், விலை சொல்லும் கடைக்காரியாகப் பார்க்கப்படுவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதில்தான் மரியாதை அதிகம்.

வியாபாரத்துக்கு நல்ல காலமும் வந்தது. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பியென்னாலே, பழைய மிளகுக் கிடங்குகளை ஓவியக் கூடங்களாக்கியது. மட்டாஞ்சேரிக்குப் புதுவிதக் கூட்டம் வந்தது. பிறகு 2018 ஆகஸ்டில் வெள்ளம். கொச்சி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. சுற்றுலாவை நம்பிய தெருக்கள் வெறிச்சோடின.

2019 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை, சாரா கோஹன் 96ஆவது வயதில் இறந்தார். மட்டாஞ்சேரி யூதக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் மழையில் மட்டாஞ்சேரியின் பழைய கடவும்பாகம் ஜெபாலயத்தின் முகப்பு இடிந்து விழுந்தது. அதன் உட்புற மர வேலைப்பாடுகளை 1990களிலேயே ஜெருசலேம் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டு போயிருந்தது. இங்கே மிஞ்சியது வெறும் சுவர்தான். அடுத்த மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து, தெரு முழுவதற்கும் தொடர்ந்து பல மாதங்கள் சப்பாத் ஆனது. 2024 ஆகஸ்டில் குயீனி ஹலேகுவாவும் காலமானபோது, பரதேசி யூதர்களில் மட்டாஞ்சேரியில் மிஞ்சியவர் ஒரே ஒருவர் என்று செய்திகள் சொல்லின.

கடை இருக்கிறது. சாராவின் பெயரில். தாஹா அதை நடத்துகிறார், கோஹன் தம்பதியின் வீட்டை அவர்கள் நினைவாகப் பராமரித்தும் வருகிறார். சாமான்கள் நிறைந்த வீட்டை நினைவிடமாக வைத்திருப்பது கடை நடத்துவதைவிடச் செலவான காரியம். கூரை ஒழுகும், உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், துணிக்குப் பூச்சி வரும். பெரிய புரவலர் கைகொடுக்காவிட்டால் கிப்பா விற்ற காசுதான் ஓடு மாற்ற வேண்டும். இது எத்தனை நாள் ஓடும்? தாஹாவுக்குப் பிறகு யார்? மகளுக்கு மகள் என்று போகாமல் பக்கவாட்டில் போன ஒரு கைவேலை, அடுத்த முறை எந்தப் பக்கம் போகும் என்பதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. பதின்மூன்று வயதில் கல்விக்கூடத்துக்கு வெளியே போஸ்ட் கார்டு விற்கும் பையன்களை இன்றைய கேரளத்தில் தேடினாலும் கிடைப்பது கடினம். அது நல்லதுதான். ஆனால் கூடத்தின் மூலையில் மூட்டையை வைக்க இடம் கேட்டு வருகிறவர் யார் இருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

ஜெபாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அந்த ஜன்னலைக் கடந்துதான் இன்றும் போகிறார்கள். சிலர் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். சுவரில் சாராவின் படம். மேஜையில் அடுக்கிவைத்த தொப்பிகள். ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, விலை கேட்கிறார்கள்.